அப்பாவின் மணிக்கூடும் வெறும் பெட்டியும்

ஆறு வருஷத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து போய், கொழும்பில் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்திருக்கிறேன். கடற்கரை, கோயில், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் திரும்பி வந்து பத்து நாளாகியும் மனம் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியிலேயே நிற்கிறது.

அது அப்பாவின் சீக்கோ மணிக்கூட்டுப் பெட்டி. 1977-க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நல்ல மணிக்கூடு என்றால் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்து கொழும்புப் புறக்கோட்டைக் கடைகள் நிறைந்த பிறகு, 1978-இல், சீட்டுக் காசில் அப்பா வாங்கினார். அவர் போன பிறகு அது ஓடாமல் கிடந்தது. "அங்கே திருத்த ஆள் இருக்கும், திருத்திக்கொண்டு வா ராசா" என்று அம்மா கொடுத்துவிட்டார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு முதியவர் பாகம் தேடி நாலு மாதம் எடுத்துத் திருத்தித் தந்தார். ஓடும் சத்தத்தை அம்மாவுக்குப் போனில் கேட்கவைத்தேன்.

கைப்பெட்டியில்தான் வைத்திருந்தேன். பெறுமதியான பொருளை விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் போடக் கூடாதென்று எல்லாருக்கும் தெரியும். ரொறன்ரோவில் ஒரு பிரச்சினையும் இல்லை. நடுவில் விமானம் மாறிய இடத்தில்தான் வினை. கூட்டம் அதிகம், மேல் தட்டில் இடமில்லை என்று வாசலில் வைத்தே சிலருடைய கைப்பெட்டிகளை வாங்கி, இலக்கத் துண்டு கட்டி, கீழே அனுப்பினார்கள். "பவர் பேங்க் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்கள். லித்தியம் பற்றரி தீப்பிடிக்கும் என்பதால் அதை அடியில் விடமாட்டார்கள். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பெறுமதியானது இருந்தால் எடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மணிக்கூட்டின் நினைவு எனக்கு வரவேயில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் பெட்டி திறக்கிற நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாய் விரித்தாயிற்று, பிள்ளைகள் சொக்லேட்டுக்குச் சுற்றி நிற்கிறார்கள், மச்சாள் தேநீர் ஊற்றுகிறார். அம்மா கதிரையில் இருந்தார். சிவப்புப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திறந்தார். உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது.

மணிக்கூட்டை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடி, உடுப்புகளுக்கு நடுவே இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். மருமகனுக்கு வாங்கிய புதுப் போனும் இல்லை. அது போகட்டும், வேறு வாங்கலாம். கைப்பெட்டியின் பூட்டு போட்டபடியே இருந்தது. எப்படித் திறந்தார்கள் என்று விளங்காமல் நின்றேன். மருமகன் ஒரு குமிழ்முனைப் பேனையை எடுத்து அதே பெட்டியின் சிப்பில் குத்தினான். பல் விலகியது. பிறகு பூட்டோடு சேர்த்துச் சிப்பின் பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருதரம் இழுத்தான், பழையபடி மூடிக்கொண்டது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீ கவலைப்படாதே" என்றார் அம்மா. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

விமானக் கம்பனிக்குப் போன் எடுத்தால் பாட்டுத்தான் ஓடியது. நாற்பது நிமிஷம் கழித்து வந்தவர், விமான நிலைய மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள், ஒன்றும் செய்ய முடியாது என்றார். அது சரியல்ல. சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்றியல் உடன்படிக்கையின்படி பெட்டி சேதமானால் கையில் கிடைத்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிடலாம். உள்ளிருந்து பொருள் குறைவதையும் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். இதைச் சொன்னதும் இணையப் படிவம் ஒன்று இருக்கிறது என்று வைத்துவிட்டார். கனடாவிலும் இப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரு படிவம், மனிதர் முகம் தெரியாது.

அடுத்த நாள் அதிவேகப் பாதையால் காரில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே போனேன். பயணி இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் போனேன். வாசல் காவலர் உள்ளே போனில் பேசினார். கால்மணி நேரத்தில் பொதி முறைப்பாட்டுப் பகுதியிலிருந்து இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி வெளியே வந்தாள். சிங்களப் பிள்ளை, தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். "அங்கிள், துண்டு இருக்கா?" கடவுச்சீட்டின் பின்னால் ஒட்டிய துண்டின் பத்து இலக்கத்தைக் குறித்தாள், சிப்பைப் படமெடுத்தாள், வெயிலில் நின்றபடியே முறைப்பாட்டை எழுதி இலக்கமும் தந்தாள். ரொறன்ரோவில் எனக்காக யாரும் இப்படி வெளியே வந்ததில்லை. கொழும்பில் எதுவும் நடக்காது என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

எந்த விமான நிலையத்தில் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கம்பனியின் பதில் வந்தது: பெறுமதியான பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, வேண்டுமானால் வாங்கிய பற்றுச்சீட்டை அனுப்புங்கள். 1978-இல் வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு! 2024 டிசம்பர் 28-இலிருந்து பொதிக்கான உச்ச இழப்பீடு ஒருவருக்கு 1,519 விசேட எடுப்பு உரிமை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். அந்தக் காசு எனக்கு வேண்டாம். பெட்டியை என் கையிலிருந்து வாங்கியது நீங்கள், இடமில்லை என்று சொன்னதும் நீங்கள், பிறகு எப்படிப் பொறுப்பல்ல என்று திருப்பி எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

வாசலில் கைப்பெட்டியைக் கேட்டால் எத்தனை பேர் பின்னால் நின்றாலும் ஒதுங்கி நின்று திறவுங்கள். இறங்கியதும் சிப்பைப் பாருங்கள். சந்தேகம் என்றால் மண்டபத்துக்குள்ளேயே முறைப்பாடு எழுதுங்கள்.

மணிக்கூட்டின் பின்மூடியில் அப்பா ஊசியால் கீறிய இரண்டு தமிழ் எழுத்துகள் உண்டு. "வேற அடையாளம் ஏதும் இருக்கா அங்கிள்?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோதுதான் நினைவு வந்தது. எழுதிக் காட்டச் சொன்னாள். படிவத்தின் ஓரத்தில் அந்த இரண்டு எழுத்தையும் பார்த்துப் பார்த்துத் தானே வரைந்தாள்.