ஊருக்கு ஆவணப்படம் கொண்டுவரும் குழு: இரண்டு தரம் கூப்பிட்ட அனுபவம்

கிளிநொச்சியிலிருந்து ஒரு வானில் திரை, புரஜெக்டர், ஸ்பீக்கர், சின்ன ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து, ஊர் மண்டபத்தில் ஆவணப்படம் போட்டு, முடிந்ததும் சனத்தோடு இருந்து கதைத்துவிட்டுப் போகிற ஒரு குழு இருக்கிறது. நாலு பேர், எல்லாரும் இளம் பிள்ளைகள். நல்லதும் குறையும் இரண்டுமே எழுதப் போகிறேன், அதனால் பெயரைப் போடவில்லை. இப்படியான சேவையைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிற மாதர் சங்கங்களுக்கு உதவட்டும்.

எங்கள் ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். நாங்கள் கூப்பிட்டது நுண்கடனுக்காக, அதாவது ஏழைப் பெண்களுக்குக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற சின்ன லோன்களுக்காக. வன்னியில் இருப்பவர்களுக்கு இதைப் பெரிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2009க்குப் பிறகு வெறுங்கையோடு மீள்குடியேறி, கோழி வளர்க்க, தையல் மெசின் வாங்க, பாதியில் நின்ற வீட்டை முடிக்க என்று எடுத்த லோன், பிறகு அதைக் கட்ட இன்னொரு லோன், அதைக் கட்ட நகை அடகு. ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்பதால், ஒருத்தி கிழமைக் காசு கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவளுடைய படலையில் போய் நிற்பார்கள், நேற்றுவரை ஒன்றாக வயலுக்குப் போனவர்கள் இன்றைக்கு முகம் பார்ப்பதில்லை. 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு தள்ளுபடி அறிவித்தது, ஆண்டு வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் போட்டார்கள். இவ்வளவும் நடந்தும் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு பெண்கூட தனக்கு இவ்வளவு கடன் என்று வாய் திறந்தது கிடையாது. வெட்கம். தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் தரம் அவர்கள் வந்தது புரட்டாதியில். அந்த நாள் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஐந்து மணிக்கு என்று சொன்னவர்கள், வான் மாங்குளத்தில் பழுதாகி நின்று, ஆறரைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். எங்கள் பக்கம் நேரம் பிந்துவது சின்ன விசயமில்லை, இருட்டினால் யானை. சைக்கிளில் வந்த பெண்களுக்குப் படம் தொடங்க முதலே வீட்டு யோசனை. படமும் எங்கேயோ ஒரு பெரிய நகரத்தில் எடுத்தது, தமிழ்நாட்டுத் தமிழில் ஒரு ஆண் குரல் விடாமல் விளக்கம் சொல்லிக்கொண்டே போனது, முடிவில் சோகமான பாட்டு. சிலர் அழுதார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள். கதைக்க நேரமே இருக்கவில்லை. சனம் அழுதால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று இந்தப் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். எங்கள் சனம் அழாத நாளா? அழுத பிறகு என்ன செய்வது என்று கதைக்கத்தான் நான் அவர்களைக் கூப்பிட்டேன்.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. அழுகிற பெண்களைக் கேளாமல் ஒரு தம்பி படம் எடுத்துக்கொண்டிருந்தார், உதவி தருகிறவர்களுக்கு அறிக்கை அனுப்பவாம். எத்தனை வருசமாக எத்தனை பேர் வந்து எங்கள் முகங்களை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த இடத்திலேயே சொன்னேன். என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தார், மன்னிப்பும் கேட்டார். இதைச் சொல்லத்தான் வேண்டும், குறை சொன்னால் முகம் சுழிக்காமல் கேட்கிற பிள்ளைகள். அதனால்தான் இரண்டாவது தரமும் கூப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, திரை ஒன்றும் இல்லாமல், ஒரு கமராவோடு இரண்டு பேர் மட்டும் பகலில் வந்தார்கள். "அக்கா, உங்கட ஊரிலேயே எடுப்பமா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் போகோ தீவின் கதையைச் சொன்னார்கள். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள மீனவர் தீவு அது. சிதறிக் கிடந்த சின்னச் சின்ன ஊர்கள், மதத்தாலும் பிரிந்து கிடந்தவை. மீன்பிடி விழுந்துபோனதால் சனத்தை வேறிடத்தில் குடியேற்ற அரசு யோசித்துக்கொண்டிருந்தது. 1967இல் அந்த நாட்டுத் தேசியத் திரைப்படச் சபையிலிருந்து கொலின் லோ என்ற இயக்குநர் போய் 27 குறும்படங்கள் எடுத்தார். பெரிய விளக்கக் குரல் ஒன்றும் கிடையாது, ஒரு மீனவர் தன் படகைப் பற்றிக் கதைப்பார், இன்னொன்றில் ஒரு கூட்டம் நடக்கும், அவ்வளவுதான். எடுத்ததை முதலில் அதில் வருகிறவர்களுக்கே காட்டி, வேண்டாம் என்பதை வெட்டி, பிறகு பக்கத்து ஊர்களில் போட்டார்கள், அரசாங்கத்துக்கும் காட்டினார்கள். பக்கத்து ஊர்க்காரனுக்கும் தன் பிரச்சினைதான் என்று திரையில் கேட்ட சனம் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தீவிலேயே இருந்துவிட்டார்கள். எனக்கு உடனே கிளிநொச்சிப் பக்கத்து மீனவர் தீவான இரணைதீவு ஞாபகம் வந்தது. 1992இல் இடம்பெயர்ந்த அந்தச் சனம், கேட்டுக் கேட்டுக் களைத்து, 2018 சித்திரையில் தாங்களே வள்ளங்களில் ஏறித் தங்கள் தீவுக்குப் போனார்கள் இல்லையா.

சரி என்றேன். இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே நின்று எடுத்தார்கள். ஆறு பெண்கள். இரண்டு பேர் முகம் காட்ட விரும்பவில்லை, காசு அறவிட வருகிறவர் பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம். அவர்களுடைய கையும் லோன் கொப்பியும் கோழிக்கூடும் மட்டும் படத்தில் வருகிறது, குரலை வேறு ஒருவர் பேசினார். வெட்டி ஒட்டியதும் அந்த ஆறு பேரையும் இருத்தி லப்டொப்பில் போட்டுக் காட்டினார்கள். கணவரைப் பற்றித் தான் சொன்னதை ஒரு அக்கா எடுக்கச் சொன்னார், மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். எந்தக் குழுவைக் கூப்பிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த முறை பொதுநோக்கு மண்டபத்து யன்னல்களைப் படங்கால் மூடி, நாலரைக்கே தொடங்கினோம். 22 நிமிடப் படம். முடிந்ததும் குழுவில் வந்த தங்கச்சி "படம் எப்படி?" என்று கேட்கவில்லை. "இதில் யார் சொன்னது உங்கட வீட்டிலயும் நடந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாயில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்னால் இருந்த ஒருவர், சங்கத்தில் வாயே திறக்காதவர், "எனக்கு மூன்று இடத்தில இருக்கு" என்றார். அதன்பிறகு நிறுத்த முடியவில்லை, ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார்கள். முகம் பாராமல் இருந்த இரண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்து கணக்குப் போட்டதை நான் பார்த்தேன், அப்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்றே முடிவெடுத்தோம். இனி அறவிட வருகிறவர் தனித்தனி வீட்டுக்குப் போவதில்லை, மண்டபத்தில் எல்லாரும் இருக்கும்போதுதான் காசு கொடுப்பது. வாசிக்காமல் கையெழுத்து வைத்த ஆங்கில, சிங்களப் பத்திரங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளையும் ஒரு ஆசிரியரும் எங்களுக்கு வாசித்துச் சொல்கிறார்கள். பெயருக்கு மட்டும் இருந்த சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 200 ரூபாய்ப்படி திரும்பவும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். பிரதேச செயலாளருக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. கடன் ஒன்றும் குறைந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. தகரக் கூரைக்குக் கீழே ஸ்பீக்கர் சத்தம் எதிரொலித்துப் பாதி விளங்கவில்லை, ஜெனரேட்டரை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தது இன்னும் மோசம். படத்தில் ஒரு ஆண்கூடக் கதைக்கவில்லை, பார்க்க வந்த ஆண்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். லோன் காசில் பாதி யார் கையால் போனது என்று எல்லாருக்கும் தெரியும், அவர்கள் இல்லாமல் இந்தக் கதை அரைவாசிதான். சிங்கள எழுத்தும் கீழே போட்டிருக்க வேண்டும். 2021இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் இதே நுண்கடனுக்காகப் பெண்கள் கிழமைக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், அவர்கள் பார்க்க வேண்டிய படம் இது. செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

செலவு என்று வாங்கியது வானுக்கு டீசல் காசு மட்டும், சாப்பாடு நாங்கள் கொடுத்தோம். மாரி தொடங்கினால் பாதையும் மண்டபமும் சரிவராது, வெயில் காலத்தில் கூப்பிடுங்கள், ஒரு மாதம் முன்னரே சொல்லிவையுங்கள்.

வருகிற போயா தினத்தில் முத்தையன்கட்டுக் குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஊரில் எங்கள் படத்தைப் போடுகிறார்கள். படத்தில் வந்த ஆறு பேரில் நாலு பேர் தாங்களும் வந்து கதைக்கிறோம் என்கிறார்கள். வானில் இடமில்லை, உழவு இயந்திரப் பெட்டியில் போகிறோம். ஜெனரேட்டரைத் தூர வைக்க நீளமான வயர் ஒன்று மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.