ஸ்டாண்ட்பை டிக்கெட்டுக்குக் கோவையா, கொச்சியா?

பிள்ளைகளில் ஒருவர் விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் பெற்றோருக்கு வெளிநாட்டுப் பயணம் இலவசம் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. இலவசமெல்லாம் இல்லை, மலிவு. அந்த மலிவுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. முழுக் காசு கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இடம் கொடுத்த பிறகு இருக்கை மிச்சமிருந்தால்தான் நமக்கு. இப்படிக் காத்திருந்து ஏறுவதைத்தான் ஸ்டாண்ட்பை என்பார்கள். எங்கள் பெண் வளைகுடா விமான நிறுவனம் ஒன்றில் சேர்ந்ததிலிருந்து நானும் மனைவியும் காங்கேயத்திலிருந்து துபாய்க்கு இப்படித்தான் போய் வருகிறோம். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்தும் முயன்று பார்த்தோம், கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்தும் முயன்று பார்த்தோம். இனி நெடும்பாசேரிதான் என்று முடிவு செய்துவிட்டோம். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் விமான நிலையம் இருக்கும்போது எதற்கு இன்னொரு மாநிலம் வரை போகிறீர்கள் என்று கேட்காத உறவினர் இல்லை. அவர்களுக்கான பதில்தான் இது.

முதலில் இந்த டிக்கெட் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஊழியருக்கும் அவர் பெயர் கொடுத்த குடும்பத்தினருக்கும் நிறுவனம் தரும் சலுகை டிக்கெட்டை ஐடி டிக்கெட் என்பார்கள். ஐடி 90 என்றால் கட்டணத்தில் 90 சதவீதம் தள்ளுபடி, ஐடி 50 என்றால் பாதி. வரிக்கும் விமான நிலையக் கட்டணத்துக்கும் தள்ளுபடி கிடையாது. ஆகவே 90 சதவீதம் என்று கேட்டதும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், கடைசித் தொகையைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுருங்குவார்கள். வேறு நிறுவனத்தின் விமானத்தில் போக 'ஸெட்' கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் இருந்தால், தூரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து நிர்ணயித்த மலிவுக் கட்டணத்தில் ஏறலாம். பயன்படுத்தாத டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்ப வந்துவிடும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

டிக்கெட் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. இன்ன தேதியில் இன்ன விமானம் என்று பட்டியலில் பெயர் பதிய வேண்டும். முதல் நாள் மகள் லோடு பார்த்துச் சொல்வாள்: இத்தனை இருக்கை காலி, ஊழியர் பட்டியலில் இத்தனை பேர். ரயிலின் காத்திருப்போர் பட்டியல் மாதிரிதானே என்றால், பாதிதான் சரி. ரயிலில் நமக்குப் பின்னால் பதிந்தவர் பொதுவாக நம்மைத் தாண்டிப் போக முடியாது. இங்கே தாராளமாகத் தாண்டுவார். சொந்த நிறுவனத்து ஆட்களுக்கு முதலிடம், அதற்குள் பதவிக்கும் பணிமூப்புக்கும் முன்னுரிமை, வெளி நிறுவனத்து ஸெட் டிக்கெட்காரர்கள் கடைசி. நாம் காலையிலிருந்தே வந்து நிற்கிறோம், நேற்றும் வந்து திரும்பினோம் என்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

விமான நிலையத்தில் நம்மைக் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். புறப்பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுன்ட்டரை மூடுவார்கள். வராத பயணிகளின் கணக்கு அப்போதுதான் தெரியும். மேற்பார்வையாளர் ஒரு தாளும் பேனாவுமாக வருவார். பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தால் போர்டிங் பாஸ். என் மனைவி அந்த நேரத்தில் என் முகத்தையும் பார்ப்பதில்லை, கடிகாரத்தையும் பார்ப்பதில்லை, அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்னால் போய்க் கெஞ்சுவதோ குரலை உயர்த்துவதோ கூடவே கூடாது. நாம் நடந்துகொள்ளும் விதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது வேலையில் இருக்கும் பிள்ளைதான். புகார் போனால் சலுகையையே நிறுத்திவைப்பார்கள்.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். கோவையின் பலம் ஊருக்கே தெரியும்: பக்கம், சின்ன நிலையம், அலைச்சல் குறைவு, அவிநாசி சாலையில் இறங்கினால் வீடு வந்த மாதிரி. உறுதி செய்த டிக்கெட் கையில் இருந்தால் நானும் கோவையைத்தான் சொல்வேன், மறு யோசனையே இல்லை.

ஸ்டாண்ட்பை என்று வந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த விமானத்தில் இடம் இல்லையென்றால் அடுத்தது எப்போது?

கோவையிலிருந்து வளைகுடாவுக்கு நேரடி விமானம் என்றால் இப்போதைக்குச் சார்ஜா, அபுதாபி. இரண்டிலிருந்தும் துபாய்க்குச் சாலை வழியில் போய்விடலாம் என்பதால் ஊர் ஒரு தடையில்லை. எண்ணிக்கைதான் தடை. ஓடுவது ஒற்றை நடைபாதை வைத்த சிறிய ரக விமானங்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 180 இருக்கைகள். அதில் இடம் கிடைக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் அடுத்த விமானத்துக்கு மறுநாளோ அதற்கும் பிறகோ மறுபடி கிளம்பி வர வேண்டும். அதைவிட மோசம், இன்றைக்கு மிஞ்சியவர்கள் நாளைய பட்டியலில் போய்ச் சேர்கிறார்கள். நாளைக்குப் பதிந்தவர்களில் பணிமூப்பு உள்ளவர்கள் இருந்தால் நாம் இன்னும் கீழே இறங்குகிறோம். கோவையில் அப்படித் திரும்பி வந்த நாளில் பெட்டிகளைப் பிரிக்கவும் மனமில்லை, அப்படியே வைக்கவும் மனமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் "போகவில்லையா?" என்று கேட்டதற்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பொழுது போய்விட்டது.

கொச்சியில் இதே கேள்விக்குப் பதில் வேறு. எமிரேட்ஸ், எதிஹாட், கத்தார் ஏர்வேஸ், ஏர் அரேபியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ என்று வளைகுடாவை நோக்கிப் பகலும் இரவும் விமானங்கள் கிளம்புகின்றன. அவற்றில் 300 இருக்கைகளுக்கு மேல் கொண்ட அகன்ற விமானங்களும் உண்டு. பெரிய விமானத்தில் கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களும் கூடுதலாக இருப்பார்கள், அந்த இடங்கள்தான் நமக்கு. ஒன்று கைவிட்டுப் போனால் சில மணி நேரத்தில் இன்னொன்று இருக்கிறது. அதற்கும் மேலாக, ஸெட் ஒப்பந்தம் உள்ள வேறொரு நிறுவனத்தின் டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்தாததற்குப் பணம் திரும்பும் என்றேனே, அது இங்கேதான் உதவுகிறது. கோவைக்கு வெளிநாட்டிலிருந்து வருபவை பெரும்பாலும் மலிவுக் கட்டண நிறுவனங்கள். அப்படிப்பட்டவற்றோடு இந்த ஒப்பந்தங்கள் பொதுவாகக் குறைவு. ஆகவே இரண்டாவது டிக்கெட் என்ற வசதி கோவையில் பலருக்கு ஏட்டளவிலும் இருக்காது.

கோவைக் கட்சிக்காரர்கள் இதற்கு ஒரு நல்ல மறுப்பு வைத்திருக்கிறார்கள். வளைகுடா நிறுவனங்களில் மலையாளிகள் ஏராளம், அவர்கள் வீட்டு அம்மா அப்பாவெல்லாம் கொச்சிப் பட்டியலில்தானே நிற்பார்கள்? உண்மைதான். கொச்சியில் ஊழியர் வரிசை நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரிசை பல விமானங்களுக்குப் பிரிந்து கரைகிறது, கோவை வரிசை ஒரே விமானத்தின் முன்னால் நிற்கிறது. இருபது பேர் முன்னால் இருந்தும் மாலைக்குள் ஏறிவிடுவது கொச்சியில் நடக்கும். கோவையில் ஐந்து பேர் முன்னால் இருந்தாலே அன்றைய நாள் போய்விடலாம்.

கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதும் முக்கியம். வளைகுடாவில் ஜூன் கடைசியில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் குடும்பங்கள் கேரளத்துக்கு வருகின்றன, ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறக்கத் திரும்புகின்றன. ஓணத்துக்கு முன்னால் வரும் விமானங்கள் நிரம்பும், ஓணம் முடிந்ததும் போகும் விமானங்கள் நிரம்பும். கிறிஸ்துமஸ் காலத்திலும் இப்படித்தான். அந்த வாரங்களில் பட்டியலில் பெயர் கொடுப்பதே வீண், சில நிறுவனங்கள் ஸ்டாண்ட்பைக்குத் தடையே போட்டுவிடும். இதில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. தீபாவளியும் பொங்கலும் நமக்குத்தான் பெரிய கூட்டம், கேரளத்துக்கு அவ்வளவு இல்லை. தீபாவளி முடிந்த கையோடு கோவையில் அடைத்துக்கொண்டு கிடக்கும்போது கொச்சியில் இருக்கைகள் காற்றாடும்.

தூரத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: கோவையிலிருந்து நெடும்பாசேரி ஏறக்குறைய 165 கிலோமீட்டர். காங்கேயம், பல்லடம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கோவை நகருக்குள் நுழையவே வேண்டாம். நீலம்பூர் பைபாஸைப் பிடித்தால் மதுக்கரையில் விட்டுவிடும், அங்கிருந்து வாளையார், பாலக்காடு. முன்பெல்லாம் குதிரான் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்றே நேரம் போகும். 2021-இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. திருச்சூருக்கும் அங்கமாலிக்கும் இடையில் நெரிசல் இன்னும் உண்டு, அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். ரயிலில் போகிறவர்களுக்கு ஈரோடு, திருப்பூர், கோவை வழியாக வரும் எர்ணாகுளம் இன்டர்சிட்டி இருக்கிறது. ஆலுவாவில் இறங்கினால் விமான நிலையம் பக்கம்தான். இரவில் காத்திருக்க நேர்ந்தால் நெடும்பாசேரியில் 2024-இல் திறந்த '0484' ஏரோ லவுஞ்சில் மணிக்கணக்கில் அறை கிடைக்கிறது. பாதுகாப்புச் சோதனைக்கு வெளியிலேயே இருப்பதால் டிக்கெட் உறுதியாகாதவர்களும் போய்ப் படுக்கலாம். ஸ்டாண்ட்பை ஆட்களை மனத்தில் வைத்தே கட்டினார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

பெட்டி விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. நிறுவனம் மாறினால் எடைக் கணக்கும் மாறும் என்பதால் ஒருவருக்கு ஒரு நடுத்தரப் பெட்டிக்கு மேல் வேண்டாம். காங்கேயத்துக்காரர்களுக்கு வெளியூர் என்றால் கொப்பரையைக் கட்டிக்கொடுக்காமல் கை நிற்காது. எண்ணெய்ச் சத்து காரணமாகத் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்று செக்-இன் பெட்டியில் கொப்பரைக்குத் தடை இருக்கிறது. கசகசாவைப் பற்றிப் பேசவே வேண்டாம், அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் சேரும்.

திரும்பி வரும் பயணத்திலும் கொச்சிதான் முந்துகிறது, அதே காரணத்தால். இங்கே இன்னொரு கணக்கும் சேர்கிறது. விசா முடியும் நாளுக்குப் பிறகு அமீரகத்தில் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். கோவை விமானத்தை மட்டும் நம்பிக் கடைசி நாள் வரை உட்கார்ந்திருந்தால், மிச்சம் பிடித்த காசு அபராதத்தில் கரையும். விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போதே முயற்சியைத் தொடங்கிவிடுகிறோம். கொச்சி விமானங்கள் எல்லாம் நிரம்பியிருந்தால் கோழிக்கோடு கரிப்பூரும் இருக்கிறது, அங்கிருந்தும் பாலக்காடு வழியாக வீடு வந்து சேரலாம். அன்றைக்குக் கோவை விமானத்தில் நிறைய இடம் இருப்பதாக மகள் சொன்னால் மட்டும் கோவையில் வந்து இறங்குகிறோம். அப்படி வாய்த்தால் அதைவிடச் சுகம் வேறில்லை.

பெங்களூரு, சென்னை வழிகளில் எங்களுக்குப் பழக்கம் குறைவு, அதனால் தீர்ப்பாக எதுவும் சொல்ல மாட்டேன். சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கத்தவர்களுக்குக் கொச்சியைவிடப் பெங்களூருதான் கைக்கு எட்டும் தூரம், விமானங்களும் குறைவில்லை. பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் சங்கடம். ஓசூரைத் தாண்டிய பிறகுள்ள நேரத்தைக் கிலோமீட்டரை வைத்துக் கணக்கிடாதீர்கள்.

ஸ்டாண்ட்பையே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் தங்கை அண்ணன் கல்யாணத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் இல்லாமல் இணைச்சீர் என்ற கல்யாணச் சடங்கு நடக்காது. முகூர்த்தம் லோடு பார்த்துக் காத்திருக்காது. அதற்கு உறுதி செய்த டிக்கெட்தான், ஐடி 50-இல் உறுதியான இருக்கை தருகிற நிறுவனமானால் அது, இல்லையென்றால் முழு விலை. அப்போது கோவையிலேயே வந்து இறங்கட்டும். துக்க காரியங்களுக்கும் இதே பேச்சுத்தான். சம்பந்தி வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய ஒன்று: பல நிறுவனங்களில் சலுகைப் பட்டியல் கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோரோடு நின்றுவிடும், மாமனார் மாமியாருக்கு நீளாது. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால் விசாரித்துவிட்டுப் பேசுவது நல்லது. விசாரிக்காமல் "நீங்களும் வாருங்கள்" என்று வாய்விட்டால் பிறகு சமாளிப்பது பெரும்பாடு.

செலவுக் கணக்கில் கொச்சிக்கு எதிராக நிற்பது வாடகைக் கார்தான். கவுன்ட்டர் மூடும் வரை வண்டியை நிறுத்திவைத்தால் காத்திருப்புக் கட்டணம் ஏறுகிறது. உடனே அனுப்பிவிட்டால், இடம் கிடைக்காத நாளில் திரும்புவதற்கு வேறு வண்டி தேட வேண்டும். நாங்கள் இப்போது போகும்போது இன்டர்சிட்டியில் போகிறோம். வரும்போது மட்டும், விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டோம் என்று உறுதியான பிறகு ஊரிலிருந்து வண்டியைக் கிளப்பச் சொல்கிறோம். நாங்கள் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வரும் நேரமும் ஓட்டுநர் அங்கமாலியில் டீ குடித்துவிட்டு வந்து சேரும் நேரமும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன.