முதியவர் சொல்லா, மருத்துவப் பதிவா? எந்த நோய்க்கு எதை நம்புவது

சர்க்கரை நோய் என்றால், தமக்கு அது இருக்கிறதா இல்லையா என்று முதியவர் சொல்வதைப் பெரும்பாலும் அப்படியே ஏற்கலாம். தினமும் மாத்திரை, விரல் நுனியில் ஊசிக்குத்து, காப்பிக்கடையில் 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று கேட்கும் பழக்கம் என மறக்கவே விடாத நோய் அது. மாரடைப்பும் பக்கவாதமும் அப்படித்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகள் சொன்னதையும் மருத்துவப் பதிவுகளையும் ஒப்பிட்டது. தற்செயலான ஒற்றுமையைக் கழித்துக் கணக்கிடும் அளவில் 1 என்றால் முழுப் பொருத்தம். இந்த மூன்று நோய்களும் ரத்தக் கொதிப்பும் 0.71க்கும் 0.80க்கும் இடையில் வந்தன. இதயச் செயலிழப்போ 0.46தான்.

இதில் வியப்பில்லை. "இதயம் கொஞ்சம் பலவீனம்" என்று மருத்துவர் சொல்லியிருப்பார். பாட்டியின் நினைவில் நிற்பது கால் வீக்கமும் மூச்சிரைப்பும். சிறுநீரக நோய் இன்னும் மோசம். தொடக்கத்தில் வலியே இருக்காது. அங்கே ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகளை மட்டும் நம்புங்கள். ரத்தக் கொதிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு: மாத்திரையால் அளவு இறங்கியதும் "முன்பு இருந்தது, இப்போது இல்லை" என்பார்கள் பலர்.

ஆனால் பதிவை உண்மை என்றும், முதியவர் சொல்வதைப் பிழை என்றும் முன்கூட்டியே முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். முட்டி வலி, குளியலறையில் வழுக்கி விழுந்தது, காது மந்தம், மனச்சோர்வு ஆகியவை மருத்துவரிடம் சொன்னால்தானே பதிவில் ஏறும்? சிங்கப்பூரின் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011இல் தொடங்கியது. ஊருக்குப் போனபோது திருச்சியில் பார்த்த வைத்தியமோ, மலேசியாவின் ஜொகூரில் வாங்கிய மருந்தோ அதில் தானாக வந்து சேர்வதில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய 'மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி' திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரே மருந்தகத்தில் (கிளினிக்கில்) பதிந்துகொள்ளலாம். அங்கேயும் வாய் திறந்து சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

மருந்துப் பையைப் பார்ப்பது நல்ல துணைச் சான்று. முழுச் சான்று அல்ல. ரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகளையே இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தருகிறார்கள்.

ஆகவே சர்க்கரைக்கும் பக்கவாதத்துக்கும் அவர் சொல்லே போதும். சிறுநீரகத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் பதிவைத் திறக்க வேண்டும். வலிக்கும் விழுதலுக்கும் மனத்துக்கும் அவரையே கேட்க வேண்டும். தமிழில், தனியாக, அவசரப்படுத்தாமல் கேளுங்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னால், சிறுநீர்க் கசிவைப் பற்றி ஒரு வார்த்தைகூட வெளியே வராது.