எஸ்பெராண்டோவா, டோக்கி போனாவா: நாக்குக்கு எது சுலபம்?

இரண்டுமே மனிதர் உட்கார்ந்து உருவாக்கிய மொழிகள். எஸ்பெராண்டோவை 1887-இல் ஸாமென்ஹோஃப் வெளியிட்டார். டோக்கி போனாவை 2001-இல் சோன்யா லாங். ஒலியில்தான் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

உயிர் இரண்டிலும் ஐந்துதான், நெடில் குறில் வேறுபாடு கிடையாது. மெய்யில்தான் சிக்கல். எஸ்பெராண்டோவில் 23, டோக்கி போனாவில் வெறும் 9. எஸ்பெராண்டோவில் 'பானோ' என்றால் ரொட்டி. அதே சொல்லின் முதல் ஒலியைத் தொண்டை அதிரச் சொன்னால் குளியல்! தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'பானோ'தான். டோக்கி போனாவில் இந்தத் தொல்லையே இல்லை. நம் ககரத்தைப் போல அங்கே ஓர் எழுத்தை எப்படி ஒலித்தாலும் பொருள் மாறாது.

மெய்ம்மயக்கத்தில், அதாவது மெய்கள் அடுத்தடுத்து வருவதில், எஸ்பெராண்டோ தாராளம். 'அறிதல்' என்பதற்கான சொல் 'ஸ்ட்ஸி-இ' என்று தொடங்குகிறது. எளிய மொழி என்று பெயர் வாங்கிய ஒன்றுக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான். டோக்கி போனாவில் ஓர் அசைக்கு முதலில் அதிகபட்சம் ஒரு மெய், பிறகு ஓர் உயிர், வேண்டுமானால் கடைசியில் ஒரு னகரம். அவ்வளவே.

ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. பெயர்கள் உருக்குலைகின்றன: கனடா 'கனாட்டா' ஆகிறது, எஸ்பெராண்டோவே அங்கே 'எபெலாண்டோ'!

அழுத்தம்? எஸ்பெராண்டோவில் கடைசிக்கு முந்தைய அசையில், டோக்கி போனாவில் முதல் அசையில். இரண்டுக்கும் விதிவிலக்கு இல்லை.

ஒரே வாரத்தில் வாய்விட்டுப் பேச ஆசையென்றால் டோக்கி போனா. ஊர்ப் பெயர்கள் அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டுமென்றால், சரி, அந்த 'ஸ்ட்ஸி'யைப் பழகிக்கொள்ளுங்கள்.