அரக்கு இசைத்தட்டும் இன்றைய டர்ன்டேபிளும்: ஆறு ஆண்டு அனுபவம்

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்கு இசைத்தட்டுகளை இன்றைய டர்ன்டேபிளில் (தட்டைச் சுழற்றி ஊசியால் வாசிக்கும் கருவியில்) ஆறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். முதல் மூன்று மாதம் என் காதில் விழுந்ததெல்லாம் இரைச்சல்தான். “பழைய தட்டு என்றால் அப்படித்தான்” என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். பழியைத் தட்டின்மேல் போட்டது அநியாயம்; குற்றவாளி ஊசி.

பின்னாளில் வந்த வினைல் தட்டான எல்பிக்குரிய ஊசியின் முனை ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 தட்டின் பள்ளம் அதற்கு மிக அகலம். ஊசி பக்கச் சுவர்களில் பதியாமல் அடியில் இறங்கி, அங்கே படிந்த அழுக்கையும் தேய்மானத்தையும்தான் வாசிக்கிறது. 78-க்கான ஊசியின் முனை சுமார் 75 மைக்ரான். அது சுவர்களில் அழுந்தி உட்காரும். என்னிடம் இருப்பது ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசைக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்னலையாக மாற்றும் பகுதி. ஊசிப் பகுதியை மட்டும் உருவிவிட்டு, 78-க்கான எஸ்பி ஊசியைச் செருகினால் போதும். ஊசி தட்டின்மேல் அழுந்தும் எடையை மட்டும் 2 கிராமிலிருந்து 5 கிராமுக்கு மாற்றியாக வேண்டும். தட்டு தேய்ந்துவிடுமே என்று பதறத் தேவையில்லை. சாவி கொடுத்து ஓட்டிய கிராமபோனில் இதே பள்ளத்தின்மேல் 100 கிராமுக்கும் கூடுதலான பாரம் எஃகு ஊசியோடு ஏறி ஓடியது.

ஊசி மாற்றிய இரவு ஒரே தட்டை ஏழு முறை ஓட்டினேன். இரண்டாவது அடியை எடுக்கும் முன் பாடகி மூச்சை இழுப்பது கேட்டது. அந்த இடத்தில் அதுவரை வெறும் சரசரப்பு.

அடுத்து, ஸ்டீரியோவாகக் கேட்பதை விட்டுவிடுங்கள். பெரும்பாலான 78 தட்டுகளில் ஒலி பக்கவாட்டு அசைவாக மட்டுமே பதிந்திருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் வருவது இரைச்சல். ஆம்ப்ளிஃபயரில் இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்தினாலே அதில் பெரும்பகுதி அடங்கிவிடும். செலவே இல்லாமல் கிடைக்கும் இந்த லாபத்தைப் பலர் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

குரல் மந்தமாகக் கேட்டால் அதற்கும் காரணம் உண்டு. ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப்கள் இன்று பெரும்பாலும் 1954-க்குப் பிறகு பரவிய ஆர்ஐஏஏ என்ற பொது அளவுப்படி மேல் சுரங்களைக் குறைக்கின்றன. அரக்குத் தட்டுகளில் பலவற்றுக்கு அவ்வளவு குறைப்பு தேவையே இல்லை. அதனால் ட்ரெபிளை, அதாவது மேல் சுரங்களின் அளவை, சற்றுக் கூட்டிக்கொள்கிறேன். இரைச்சலும் கூடத்தான் செய்யும். எனக்குக் குரல் திறந்து வருவதுதான் முக்கியம்.

வேகத்தில் என் காது வெகுநாள் ஏமாந்தது. 1925-இல் மைக்ரோஃபோன் வழியான மின்முறைப் பதிவு வருவதற்கு முந்தைய தட்டுகள் பல சரியாக 78-இல் பதிவானவை அல்ல. 74-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறிவிடும், கனத்த குரல் கீச்சென்று ஒலிக்கும். 78 வேகம் இருந்தால் மட்டும் போதாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் வசதியும் உள்ள டர்ன்டேபிளாக வாங்குங்கள்.

இனி என் தீராத வருத்தம். எல்பி தட்டுக்கு வாங்கிய துப்புரவுத் திரவத்தை ஓர் அரக்குத் தட்டின்மேல் ஊற்றித் துடைத்தேன். துணி கறுத்தது. அழுக்குதான் வருகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வந்தது தட்டு. அந்தத் திரவத்தில் ஆல்கஹால் இருந்தது. மரத்துக்கு மெருகேற்றுபவர்கள் அரக்கைக் கரைப்பதே ஆல்கஹாலில்தான். கண்ணாடிபோல் மின்னிய பக்கம் சாம்பல் பூத்துப்போனது. இப்போது காய்ச்சி வடித்த நீரும், ஒரு சொட்டு மென்மையான சோப்பும், மிருதுவான பிரஷும் மட்டும்தான். நடுவிலுள்ள லேபிளில் ஈரம் படவே விடுவதில்லை.

ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஊசி முனையைப் பாருங்கள். கருஞ்சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் தூசி திரண்டிருக்கும். பின்னிருந்து முன்னாகப் பிரஷால் ஒரே இழுப்பு. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் ஓடும். மிகப் பழைய தட்டுகளில், பாட்டு முடிந்ததும் ஊசியை ஒரே இடத்தில் சுற்றவைக்கும் முடிவுப் பள்ளமும் இல்லை, ஊசி லேபிளை நோக்கி வழுக்கிவிடும். அதனால் நாற்காலியை டர்ன்டேபிளுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.