சுவிஸிலிருந்து எந்த மணிக்கூடு? இன்ஜெனியூர், 222, பிஆர்எக்ஸ்

ஆவணியில் கிளிநொச்சிக்கு வரவிருக்கும் அண்ணா, சூரிச்சிலிருந்து தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, இந்த முறை உனக்கு ஒரு நல்ல மணிக்கூடு வாங்கி வருகிறேன். எது வேண்டும் என்று நீயே சொல்." யோசிக்க இரண்டு வாரம் தரச் சொன்னேன். 1970களின் உருக்கு மணிக்கூடுகள்மீது எனக்கு நெடுநாள் மயக்கம். உடல் எங்கே முடிகிறது, சங்கிலி எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி ஒட்டி ஓடும் அந்த வடிவம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக உயிர்த்தெழுகிறது.

இதற்கெல்லாம் வழி திறந்தது ஓடிமார் பிகே நிறுவனம் 1972இல் கொண்டுவந்த ரோயல் ஓக். மணிக்கூட்டு வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்தது. வெறும் உருக்கு, ஆனால் பல தங்க மணிக்கூடுகளைவிட விலை கூடியது. எண்கோண வளையத்தில் எட்டுத் திருகாணிகளை ஒளிக்காமல் வெளியே காட்டியது. அது இடையில் நிற்காமல் இன்றுவரை வருவதால் என் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருமுறை கைவிடப்பட்டு, பழைய முகத்தோடு திரும்பி வந்தவைதான் எனக்கு வேண்டும்.

முதலில் வஷ்ரோன் கொன்ஸ்தாந்தன் 222. 1755இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 1977இல் 222 வயது, அதுவே பெயராயிற்று. 2022இல் தங்கத்திலும் 2025இல் உருக்கிலும் அதே 37 மில்லிமீற்றர் அளவில் திரும்பியது. மூலத்துக்கு உண்மையாக இருப்பதில் மூன்றிலும் இதற்கே முதலிடம். ஆனால் 50 மீற்றர் நீர்த்தாங்குதிறனும் அந்த விலையும் உள்ள ஒன்றைக் கட்டிக்கொண்டு இரணைமடு வாய்க்காலில் கால் நனைக்க எனக்கு மனம் வராது.

இன்ஜெனியூர் என்னைப் பல இரவுகள் விழித்திருக்க வைத்தது. ஷாஃப்ஹவுசனில் உள்ள ஐடபிள்யூசி நிறுவனத்துக்காக இதையும் ஜென்டாவே 1976இல் புதிதாக வரைந்தார். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் ஐந்து குழிகள். போத்தல் மூடியைப் போல அந்த வளையத்தை உடலோடு திருகி இறுக்குவார்கள். இறுக்கம் எங்கே முடிகிறதோ அங்கே குழிகள் நிற்கும். அதனால் ஒரு மணிக்கூட்டில் குழி பன்னிரண்டுக்கு நேராகவும் இன்னொன்றில் சற்று விலகியும் இருக்கும். 2023இல் வந்த புதியதில் அந்த ஐந்து இடங்களிலும் வளையத்தை உண்மையாகவே பிடித்திருக்கும் திருகாணிகள் உள்ளன. ஆகவே எல்லா மணிக்கூட்டிலும் அவை ஒரே இடத்தில் நிற்கின்றன. திருத்தம் சரியானதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் தந்த அந்தச் சிறு ஒழுங்கின்மையை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. மற்றபடி குறை சொல்ல இடமில்லை. காந்தத்தைத் தடுக்கும் மெல்லிரும்புக் கூடு உள்ளே இருக்கிறது, 120 மணி நேரம் ஓடும், 100 மீற்றர் நீரைத் தாங்கும். வெளியானபோது விலை 11,700 அமெரிக்க டொலர். அண்ணா இரவு வேலை பார்த்துச் சேர்க்கும் காசு அது. கேட்க எனக்கு வாய் வராது.

ஆக, டிசோ பிஆர்எக்ஸ். 1978இன் வடிவம், 2021இல் திரும்பியது. கை அசைவில் தானே சாவியேறும் ஓட்டோமற்றிக் வகை வந்தபோது விலை 650 டொலர். பெயரில் உள்ள எக்ஸ், ரோம எண்ணில் பத்து: பத்து வளிமண்டல அழுத்தம், அதாவது 100 மீற்றர். வயலுக்கும் மழைக்கும் தாராளம்.

இதில் குவார்ட்ஸும் உண்டு, ஓட்டோமற்றிக்கும் உண்டு. மூலம் குவார்ட்ஸ்தான். ஆகவே வரலாற்றுக்கு நெருக்கமானதும் விலை குறைந்ததும் பற்றரியில் ஓடுவதே. சுத்தம் பார்ப்பவர்கள் அதையே வாங்கச் சொல்வார்கள். வன்னியில் வளர்ந்த என்னால் முடியாது.

1990களில் பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் குவார்ட்ஸ் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. கழற்ற மனமில்லாமல் நின்ற முள்ளோடு கட்டித் திரிந்தவர்களும் இருந்தார்கள். அப்பாவின் சீக்கோ 5 மட்டும் ஓடியது. அதற்குச் சாவி கொடுக்கும் வசதிகூடக் கிடையாது. காலையில் எடுத்து, காதருகே வைத்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுக் கட்டுவார். மண்வெட்டி பிடிக்கும் கை, மற்றதை அதுவே பார்த்துக்கொண்டது. சங்கிலி அறுந்தபோது ஒரு பழைய தோல் பட்டியைக் கோர்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மாமி உலை வைக்கவும் அவரிடமே நேரம் கேட்பார்.

அதனால் எனக்கு ஓட்டோமற்றிக். 80 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையும் நேரம் காட்டும். ஆனால் அப்பாவின் மணிக்கூட்டில் இருந்த இரண்டு சௌகரியங்கள் இதில் இல்லை. சங்கிலி அறுந்தால் சந்தையில் வாங்கும் சாதாரணப் பட்டி இதில் பொருந்தாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்பும் உள்ளே கிடையாது. தொழிற்சாலையிலேயே லேசரால் சரிசெய்து அனுப்புகிறார்கள். சந்தைக்குள் கண்ணில் உருப்பெருக்கியோடு இருக்கும் எங்கள் திருத்துநர், சீக்கோவைத் திறந்து ஒரு ஊசி முனையால் சரிப்படுத்துவதைப் போல இதைச் சரிப்படுத்த முடியாது. கிரவல் தெருப் புழுதியும் அந்த உருக்கில் கீறல் போடத்தான் செய்யும். கீறலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நெம்பைப் பற்றித்தான் கவலை.

அளவில் 40 மில்லிமீற்றரை விட்டு 35 கேட்டிருக்கிறேன். என் மணிக்கட்டு மெலிந்தது, சங்கிலி உடலோடு விறைப்பாக இறங்குவதால் பெரியது கையின் இருபுறமும் தூக்கி நிற்கும். நீல முகப்பு. சங்கிலிக்கான உதிரி ஊசிகள் சிலவும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். சூரிச்சில் பழைய மணிக்கூட்டுக் கடை எதிலாவது 1970களின் இன்ஜெனியூர் கண்ணில் பட்டால், அந்த ஐந்து குழிகளும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று ஒரு படம் எடுத்து அனுப்புமாறு.