கண்ணால் கண்டதும் உள்ளத்தில் உணர்ந்ததும்

"எதிரே மரம் நிற்கிறது", "கடவுள் அருகில் இருப்பதை உணர்ந்தேன்": இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் ஒரே தகுதி உண்டா? உண்டு என்ற பக்கம் நின்று 1991இல் வாதிட்டார் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஆல்ஸ்டன். கண்ணை நம்பலாம் என்று நிரூபிக்கப் போனால், மறுபடி கண்ணையும் காதையும்தான் நாட வேண்டும். அப்படியிருக்க, இறையனுபவத்திடம் மட்டும் வெளிச்சான்று கேட்பது ஓரவஞ்சனை இல்லையா? இந்த இடத்தில் அவரை மடக்குவது கஷ்டம்தான்.

சரி, ஆனால் மரத்தில் சந்தேகம் வந்தால் தொட்டுப் பார்க்கலாம், பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாம். இறையனுபவத்தில் அப்படிச் சரிபார்க்க வழி குறைவு. ஒரு மதத்தார் உணர்வது இன்னொரு மதத்தார் உணர்வதோடு முட்டுகிறது. இதுதான் தன் வாதத்துக்குப் பெரிய சிக்கல் என்று ஆல்ஸ்டனே ஒப்புக்கொண்டார். என் தராசு புலன்கள் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் பெரிய வித்தியாசத்தில் இல்லை.